சனிக்கிழமை வாங்காத ரம்பம்

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெயில் முப்பத்தாறு டிகிரி. மேலைக்காற்று தெருப்புழுதியை வாரி வாரிக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், மூன்றடி நீளப் பூவரசங்கிளை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு காரைக்கால் கடைத்தெருவில் ஒரு மெஷின் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் அவரை விறகு விற்க வந்தவர் என்று நினைத்துவிட்டார்.

"பக்கத்து டீக்கடைல கேளுங்க பெரியவரே. இங்க அடுப்பு கெடையாது."

"விக்க வரல. அறுக்க வந்திருக்கேன். மரம் அறுக்குற மெஷின் என்னென்ன இருக்கோ எடுங்க" என்றார் மச்சான்.

நான் அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கிளைகளை அணைத்துக்கொண்டு நின்றேன். எழுபத்திரண்டு வயதில், ரத்தக்கொதிப்பு மாத்திரை தினம் இரண்டு போடுகிறவன், கடைத்தெருவில் விறகோடு நிற்பது எனக்குப் பெருமையாக இல்லை. ஆனால் மச்சானோடு எதை வாங்கப் போனாலும் அப்படித்தான்.

எந்தப் பொருளையும் அவர் ஓட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். ஓட்டிப் பார்ப்பது என்றால் நீங்களும் நானும் செய்வதுபோல ஸ்விட்சைப் போட்டு அணைப்பது இல்லை. குடை வாங்கப் போனால் கடையின் மேஜை மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் முகத்துக்கு நேரே குடையை விரிப்பார். குக்கர் வாங்கப் போனபோது ஊறவைத்த அரிசியும் பருப்பும் தூக்குவாளியில் கொண்டுபோனார். பாத்திரக் கடையில் அடுப்பு இல்லை என்றதும் பக்கத்து மெஸ்ஸில் கேட்டு வைத்து, மூன்று விசில் வந்த பிறகு மூடியைத் திறந்து, கடை ஆட்களை உட்காரவைத்துப் பொங்கல் போட்டார். செருப்பு வாங்கினால் காலில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை போய்த் திரும்புவார். ஒரு முறை அவர் ஓடிப்போகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறார். "நல்லதாப் போச்சு, ஓடியும் பாத்தாச்சு" என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"கெடுறதா இருந்தா கடையிலயே கெட்டுப்போகட்டும். வீட்டுக்கு வந்து கெடக் கூடாது" என்பார். இதை அவர் சொல்லி நான் கேட்டது ஆயிரம் தடவைக்குக் குறையாது. இது ஒன்றை மட்டும் நான் எண்ணவில்லை.

இதில் சனிக்கிழமைக்கு ஒரு பங்கு உண்டு. சனிபகவான் குடியிருக்கும் திருநள்ளாறு எங்களுக்கு அடுத்த ஊர். சனிக்கிழமை இரும்பை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவரையே கைபிடித்து அழைத்து வந்ததாக அர்த்தம். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒருவரும் ஒரு ஆணிகூட வாங்கமாட்டார்கள். மச்சான் அதையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். இரும்புச் சாமான் எதுவானாலும் ஓட்டிப் பார்க்க அவர் தேர்ந்தெடுப்பது சனிக்கிழமைதான். கடை காலியாக இருக்கும். கடைக்காரருக்கு வேறு வேலை இருக்காது. எல்லாம் முடிந்ததும் "இன்னிக்கி சனிக்கெழம, வாங்கப்படாது. இன்னொரு நாள் வர்றேன்" என்று எழுந்து வந்துவிடலாம். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அது சனிபகவானைக் கோபித்துக்கொண்டதுபோல் ஆகும்.

என்னையும் அவர் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். 1979இல் நான் பெண் பார்க்க நெரவிக்குப் போயிருந்தேன். பஜ்ஜி சாப்பிட்டுக் கை கழுவியதும் மச்சான் என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்தார். அங்கே ஒரு சைக்கிள் நின்றது. பின்னால் ஒரு நெல் மூட்டை கட்டியிருந்தது. "அரசலாத்துப் பாலம் வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார். நான் பொதுப்பணித் துறையில் கணக்கு எழுதுகிறவன். மூட்டைக்கும் எனக்கும் பழக்கமில்லை. இரண்டாவது மதகடியில் சைக்கிளோடு விழுந்தேன். முழங்கை சிராய்த்து, வேட்டியில் சேறோடு, மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தேன். பின்னாலேயே நடந்து வந்த மச்சான் என்னைத் தூக்கிவிடவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் தகப்பனாரிடம், "விழுந்துட்டாரு. ஆனா மூட்டய விடல. எடுத்துக்கலாம்" என்று சொன்னாராம். என் மனைவி அதை உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாள். நாற்பத்தைந்து வருஷமாக எனக்குச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள்.

மச்சான் போன மார்கழியில் காலமானார். ஐஸ் பெட்டி கொண்டுவந்து வைத்தவரிடம் என் மனைவி அழுகையோடு அழுகையாக, "ஓட்டிப் பாத்தியாப்பா?" என்று கேட்டாள். துக்கத்துக்கு வந்திருந்த நெரவி ஜனங்கள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்கள்.

ரம்பத்துக்கு வருகிறேன்.

கோட்டுச்சேரியில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம் உண்டு. அதில் நின்ற பூவரசு அந்த ஆடிக் காற்றில் வேரோடு சாய்ந்தது. அடிமரம் பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அங்குலக் கனம். அப்போது என் மனைவி தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருந்தாள். வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. இனித் தரையில் உட்காரவே கூடாது, ஒன்றரை அடி உயரத்துக்குக் குறைந்த எதிலும் உட்காரக் கூடாது, ஆடுகிற ஆசனத்தில் உட்கார்ந்து விழுந்துவைத்தால் மறுபடியும் கத்திதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ தோட்டத்தில் மல்லிகை பறித்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பவள்.

"பூப்பறிச்சா உக்கார ஒரு எடமில்லாத தோட்டத்துக்கு நான் எதுக்கு வரணும்? இங்கயே பேரனோட இருந்துடறேன்" என்று போனில் சொன்னாள்.

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடத் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. ரசம் ஒருநாள்கூட ரசமாக வரவில்லை. பதறிப்போய், "விழுந்த பூவரசுலேயே பெஞ்சு பண்ணிவைக்கிறேன். நானே பண்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

"செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிடுற ஆளு நீங்க" என்றாள். அதோடு விடவில்லை. "ஆவணி ஒம்பது, ஞாயித்துக்கெழம வர்றேன். அண்ணன் பாக்காம மெஷின் கிஷின்னு எதையும் வாங்கிடாதீங்க."

ஆகவேதான் விறகோடு கடைத்தெரு.

முதல் கடையில் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் காட்டினார்கள். மச்சான் தொட்டியில் எங்கள் செலவில் பெட்ரோல் ஊற்றச் சொன்னார். கயிற்றை இழுத்து அதைக் கிளப்ப வேண்டும். கடை ஆள் இரண்டு இழுப்பில் கிளப்பிவிட்டார். "நீங்க கெளப்புவீங்க. அறுக்கப் போறது எங்க மாப்ள" என்று மச்சான் கயிற்றை என் கையில் கொடுத்தார். பதினாறு தடவை இழுத்தேன். மெஷின் இருமியது, நானும் இருமினேன். கிளம்பவில்லை. ஆறு கிலோ எடை வேறு. அது வேண்டாம் என்று ஆயிற்று.

இரண்டாவது கடையில் கரண்டில் ஓடும் வட்ட ரம்பம். பலகையை நூல் பிடித்தமாதிரி அறுத்தது. மச்சான் பலகையை எடுத்துவிட்டு எங்கள் கிளையை வைத்தார். உருண்டைக் கிளை மேஜையில் நிற்காமல் புரண்டு ஓடியது. கடைக்காரர் அதைத் துரத்திப் பிடித்து வந்து, "ஐயா, இது பலகைக்கு உள்ள மெஷின். விறகுக்கு இல்ல" என்றார். போதாததற்கு என் தோட்டத்துக் கோடிக்கும் வீட்டு ப்ளக்குக்கும் இடையே அறுபத்திரண்டு அடி. அவ்வளவு ஒயரை இழுத்துப்போட்டு, ஈர மண்ணில் மிதித்துக்கொண்டு நிற்க எனக்குப் பயம். அதுவும் வேண்டாம்.

மூன்றாவது கடைக்காரர் திருமலைராயன்பட்டினத்து பாய். அறுபது வயதிருக்கும். மச்சானைப் பார்த்ததும் சாய்வு நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்தார்.

"சனிக்கெழம உங்க ஆளுவ யாரும் வரமாட்டாங்கன்னு ஒரு மணி நேரம் கண்ணசருவேன். நீங்க வர ஆரம்பிச்சதுலேந்து அதுவும் போச்சு" என்றார்.

அவர் காட்டியது பேட்டரியில் ஓடும் சின்னச் சங்கிலி ரம்பம். பேட்டரியோடு இரண்டரைக் கிலோ. கயிறு இல்லை, ஒயர் இல்லை, புகை இல்லை. விரலால் அழுத்தினால் ஓடும், எடுத்தால் நிற்கும். நானே அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது கிளை வெண்ணெய்போல் அறுந்தது. எனக்கு அப்போதே அதை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஒரு சார்ஜுக்கு எத்தன அறுப்பு தாங்கும்?" என்றார் மச்சான்.

"முப்பதுன்னு கம்பெனிக்காரன் சொல்றான்."

"கம்பெனிக்காரன் அறுத்த மரம் வேற, எங்க மரம் வேற. அடுத்த சனிக்கெழம மரத்தக் கொண்டாறேன்."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடிமரத்தைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் அதை முதலில் வெட்ட வேண்டும். இரண்டு பேர் இழுக்கும் பழைய கை ரம்பம் ஒன்றை இரவல் வாங்கிவந்து, நானும் மச்சானுமாக ஒரு மணி நேரம் இழுத்து, ஏழரை அடித் துண்டு ஒன்றை அறுத்தெடுத்தோம். மெஷினை ஓட்டிப் பார்க்கக் கையால் மரம் அறுக்கிறோமே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்தத் துண்டைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு பாய் கடை வாசலில் இறக்கினோம். பாயே கண்ணாடி மாட்டிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். மூன்று அங்குலத்துக்கு ஒரு அறுப்பு என்று மச்சான் சொல்லிவிட்டார். அப்படியென்றால்தான் கணக்கு ஒரே சீராக இருக்குமாம். கோணலாக இருந்த முனையைச் சீவியதே முதல் அறுப்பு. எண்ணுகிற வேலை எனக்கு. சுவரில் சாக்கட்டியால் ஐந்தைந்தாகக் கோடு போட்டேன். மேலைக்காற்றில் மரத்தூள் பக்கத்து டீக்கடைக்குப் பறந்தது.

"பாய், இங்க ஒருத்தரு, உங்க மரத்தூளு விழுந்து டீ நெறம் மாறிடுச்சுன்னு சண்டைக்கி வர்றாரு" என்று டீக்கடைக்காரர் சத்தம் போட்டார்.

"அஞ்சு நிமிசம் பொறுங்க. பேட்டரி சாகப்போவுது" என்றார் பாய்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பதாவது அறுப்பு பாதியில் முனகி, எப்படியோ முடிந்து, மெஷின் நின்றது. மச்சான் தலையை ஆட்டினார். "கம்பெனிக்காரன் பொய் சொல்லல" என்றார். நானும் சந்தோஷமாகச் சுவரில் கடைசிக் கோட்டைப் போட்டேன்.

மூன்று டீயோடு வந்த டீக்கடைக்காரர் கடை வாசலைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆமா, இப்ப மரம் எங்க?" என்றார்.

நாங்கள் மூவரும் பார்த்தோம். ஏழரை அடி மரம் முப்பது வட்டத் துண்டுகளாக, இட்லி கவிழ்த்துக் கொட்டியதுபோல நடைபாதையில் கிடந்தது. அவள் வர எட்டு நாள். வீட்டில் மீதி இருப்பது வேர்ப்பக்கம் நாலரை அடி. அதில் பலகை போட்டால் கால் இல்லை, கால் போட்டால் பலகை இல்லை.

மச்சான் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். கடைசியில், "மாப்ள, நீங்க எண்ணிக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்றார்.

"ஆமா மச்சான்."

"எண்ணுறவங்களுக்குத் தெரிய வேணாமா?"

பாய்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மெஷின் விக்கிறதுக்குப் பதிலா மரத்த நானே அறுத்துக் குடுத்திருக்கலாம். குடுத்தும்புட்டேன்" என்றார்.

புதன்கிழமை மெஷினை வாங்கினோம். பாய் பிரிக்காத புதுப் பெட்டியை எடுத்து வைத்தார். மச்சான் அதைத் தொடவில்லை.

"அந்த முப்பது அறுத்துச்சே, அதக் குடுங்க."

"அது செயின் மழுங்கிப்போச்சுங்க. தூசி ஏறிக் கெடக்கு. அதே வெலைக்கிப் புதுசு தர்றேங்கறேன்."

"புதுசு என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்? அது எனக்குத் தெரிஞ்ச மெஷின்."

அவர் வீட்டில் எல்லாமே அப்படித்தான். நசுங்கிய குக்கர், கம்பி வளைந்த குடை, தேய்ந்த செருப்பு. ஓட்டிப் பார்த்ததையேதான் எடுத்து வருவார். வாங்கிய நாளிலேயே பழசாகாத பொருள் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. மழுங்கிய சங்கிலிக்குப் பதில் புதுச் சங்கிலி ஒன்று தனியாக வாங்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து, வேரிலிருந்து அந்த நாலரை அடித் துண்டை நானே அறுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, கால் அகட்டி நின்று, ஒரே அறுப்பு. அதை மரவாடிக்குக் கொண்டுபோய் இரண்டங்குலப் பலகையாக வகிர்ந்து வாங்கினேன். காலுக்குத்தான் வழி தெரியவில்லை. இரண்டு நாள் தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை விடிகாலையில்தான் தோன்றியது. துண்டு ஒன்று மூன்று அங்குலம். ஆறு துண்டுகளை அடுக்கினால் பதினெட்டு அங்குலம். டாக்டர் சொன்ன ஒன்றரை அடி. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. நடுவில் துளை போட்டு, மரைக் கம்பியைக் கோத்து, மேலும் கீழும் நட்டு முடுக்கிப் பலகையோடு சேர்த்தேன். துளை போடும் மெஷினைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார். அவரைத் துளை போட நான் விடவில்லை. வேலியின் மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தவர், "இட்லிக்குச் சட்னி எப்ப சார்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சான் வந்தார். பெஞ்சைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவர் உட்கார்ந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரையும் தெருமுனை ஆட்டோக்காரரையும் கூப்பிட்டுத் தன்னோடு உட்காரவைத்தார். மூவரின் எடையையும் கேட்டுக் கூட்டிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினெட்டு கிலோ. பெஞ்சு அசையவில்லை. நாற்பத்தைந்து வருஷத்தில் நான் கையால் செய்த முதல் பொருள்.

"போதுமே மச்சான்."

"போதாது. இவங்க மூணு பேரும் மெதுவா உக்கார்றாங்க. அவ எப்படி உக்காருவான்னு உங்களுக்குத் தெரியாதா? தொப்புன்னுதான் உக்காருவா. சின்ன வயசுலேந்து அப்படித்தான். இப்ப மொழங்காலு வேற மடங்காது."

அவர் பெஞ்சுக்கு முதுகைக் காட்டி நின்றார். வலது காலை மடக்காமல் விறைப்பாக நீட்டிக்கொண்டார். அப்படியே தொப்பென்று விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். இடது ஓரத்தில், வலது ஓரத்தில், நடுவில். எழுபத்தாறு வயது. தங்கை முந்தானையை இடுப்பில் செருகுவதுபோலத் துண்டைச் செருகிக்கொண்டு விழுந்தார். ஆட்டோக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசல் பக்கம் போய்விட்டார். பதினோராவது தடவை விழுந்தபோது வாசலில் கார் நின்றது.

என் மனைவி வாக்கரைத் தள்ளிக்கொண்டு, மகள் பின்னால் வர, நேராகத் தோட்டத்துக்கே வந்தாள்.

"என்னண்ணே, மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. காத்து வாங்க உக்காந்தேன்."

"எந்திரிங்க. நான் உக்காரணும்."

மச்சான் எழுந்தார். ஆனால் நகரவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் போய், ஈர மண்ணில் மண்டி போட்டு, இரண்டு கையையும் பலகைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இருநூற்றுப் பதினெட்டு கிலோ தாங்கிய பலகை. அவள் எடை ஐம்பத்தாறு. என் கையும் வாக்கருக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

தஞ்சாவூரில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவள் பலகையின் விளிம்பைத் தடவிப் பிடித்து, பூ வைப்பதுபோல உட்கார்ந்தாள். சத்தமே வரவில்லை. பலகையைத் தடவினாள். குனிந்து கால்களைப் பார்த்தாள்.

"நீங்களே பண்ணீங்களா?"

"மாப்ளதான் பண்ணாரு. நான் எதுலயும் கைவெக்கல" என்று பின்னாலிருந்து, பலகைக்கு அடியில் கையோடு, மச்சான் சொன்னார்.

"சரி, நான் உக்காந்தாச்சு. கைய எடுங்கண்ணே, யாராவது பாக்கப்போறாங்க."

"இன்னும் செத்த நேரம் உக்காரு. பாப்போம்" என்றார் அவர். இருட்டும்வரை மண்ணைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பதினோரு தடவை விழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. நானும் ஆட்டோக்காரருமாகத்தான் தூக்கினோம்.

அந்த ரம்பம் என் வீட்டில் இதுவரை அறுத்தது ஒரே ஒரு அறுப்பு. மெஷின் ஏழாயிரத்து எண்ணூறு, புதுச் சங்கிலி அறுநூற்றைம்பது, குட்டியானை வாடகை தொள்ளாயிரம், மரவாடிக் கூலி இருநூறு, கம்பியும் நட்டும் முந்நூற்று நாற்பது, முதல் கடையில் ஊற்றிய பெட்ரோல் நூற்றுப்பத்து, மரத்தூள் விழுந்ததற்கும் சேர்த்து டீ நூற்று எண்பத்தைந்து, மச்சானின் இடுப்புக்கு ஊசியும் தைலமும் நானூற்று அறுபது. ஆக மொத்தம் பத்தாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து ரூபாய்.